முன்னால் நடப்பவர்

“இது வெள்ளைக்காரன் காலத்துக் கோயிலு. கோபுரத்தப் பாத்தியா, நம்ம பக்கத்துக் கோபுரமாட்டப் பொம்மையெல்லாம் கெடையாது, சும்மா வழவழன்னு…” என்று பிர்லா மந்திர் படியில் ஏறிக்கொண்டே வலது கையைத் தூக்கி உச்சியைக் காட்டிய சென்னியப்பன், பின்னாலிருந்து “உம்” என்று சத்தம் வராததால் தூக்கிய கையோடு நின்றார். பின்னால் மனைவி மரகதம் இல்லை. ஒரு டில்லிக் குடும்பம் ஏறி வந்துகொண்டிருந்தது. அதில் பருத்த அம்மாள் ஒருத்தி இவரை மேலும் கீழும் பார்த்தாள். தனக்குத்தானே பேசிக்கொண்டு போகிற ஆளை எந்த ஊரிலும் அப்படித்தான் பார்ப்பார்கள். சென்னியப்பன் இன்னொரு கையையும் கூடச் சேர்த்துத் தலைக்குமேல் கும்பிட்டு, “நாராயணா, நாராயணா” என்று பேச்சை அப்படியே பக்தியாக மாற்றிவிட்டார். கோபிசெட்டிபாளையத்தில் விளையாட்டு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர், இதைக்கூடச் சமாளிக்கத் தெரியாதா என்ன. ஆனால் உள்ளே போய்ச் சாமிக்கு முன்னால் நின்றபோது சொல்வதற்கு ஒன்றும் வரவில்லை. சாமியிடம் பேசுகிற வேலை எப்போதும் மரகதத்தினுடையது. அவர் ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் தூணோரமாக நின்று கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அவள் கண்ணை மூடிக்கொண்டு என்னவோ முணுமுணுத்துக்கொண்டே இருப்பாள். “போதும் வா, சாமிக்கும் வேற ஆளுங்க இருக்கறாங்க” என்று அவர் சொல்லிவிட்டு நடையைக் கட்டுவார். இன்று அவசரப்படுத்துவதற்கும் ஆள் இல்லை. தூணோரம் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார், பிறகு வெளியே வந்து செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார்.

மாசி வெயில் இதமாகத்தான் இருந்தது. ஊரில் இந்நேரம் மண்டை காயும், இங்கே ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நடக்கிறார்கள் என்று சொல்லத் தோன்றி, சொல்ல ஆளில்லாமல் விழுங்கிக்கொண்டார். சாலையின் இருபுறமும் மரங்கள், மரத்தடியில் தேங்காய்க் கீற்று விற்கிறவன், டீ போடுகிறவன். மரகதம் காலையில் கோபத்தில்தான் அப்படிச் சொல்லியிருப்பாள். பொம்பளைக்குக் கோபம் வந்தால் என்னவெல்லாமோ சொல்வாள், சாயங்காலம் போய்ப் பார்த்தால் துணியை மடித்து வைத்துக்கொண்டு, சாப்பிட என்ன வாங்கிக்கொண்டு வந்தீர்கள் என்று கேட்பாள். ஆனால் கோபமாகத் தெரியவில்லையே என்று மனசு ஒரு மூலையில் நின்று முனகியது. கோபமென்றால் பாத்திரம் உருளும். லாட்ஜில் உருட்டுவதற்குப் பாத்திரம் இல்லை, அதனால் கோபம் தெரியவில்லையோ? கரோல் பாக் லாட்ஜ் அறையில் அவள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டே, இன்றைக்குப் பால் வேண்டாம் என்கிற மாதிரியான குரலில்தான் சொன்னாள். “நான் வரலீங்க. நீங்க போயிப் பாத்துட்டு வாங்க.” கால் வலியா என்று கேட்டார். “இல்லீங்க. சுகன்யாகிட்டப் பேசீட்டன். நாளைக்குக் காத்தால பெங்களூருக்கு ஏரோப்ளேன்ல சீட்டுப் போட்டுட்டா. நான் அங்க போறனுங்க. நீங்க ரயில்ல ஊருக்குப் போங்க.” மகள் வீட்டுக்குத்தானே, போகட்டும், எத்தனை நாளைக்கு என்று கேட்டபோது அவள் துவட்டுவதை நிறுத்திவிட்டு இவரை நேராகப் பார்த்தாள். “கோபிக்கு இனி வர்றதா இல்லீங்க. உங்க முதுகப் பாத்துப் பாத்தே எனக்கு வயசாயிப் போச்சுங்க.” இதற்கு ஒரு மனுஷன் என்ன பதில் சொல்வான்? சென்னியப்பன் தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, தோள்பையை மாட்டிக்கொண்டு, “சரி, கதவத் தாப்பாப் போட்டுக்க” என்றார். அதுதான் அவர் சொன்ன பதில். சொல்லிவிட்டுக் கிளம்பியும் வந்துவிட்டார், டில்லியைச் சுற்றிப் பார்க்க. இப்போது மரத்தடியில் நடக்கும்போது அந்தத் தாழ்ப்பாள் திரும்பத் திரும்ப நினைவில் வந்து இடித்தது. தாப்பாப் போட்டுக்க. முப்பது வருஷத்துக்கு மேல் கூட வாழ்ந்தவள் வீட்டுக்கு வரமாட்டேன் என்கிறாள், தாப்பாப் போட்டுக்க.

வெள்ளைக் கட்டடமும் தங்கக் கும்மட்டமுமாகக் குருத்வாரா வந்தது. வாசலில் ஒரு பெரியவர் ஆரஞ்சு நிறத் துணியைக் கொடுத்துத் தலையைக் காட்டினார். கட்டத் தெரியாமல் தடுமாறியபோது அவரே கட்டிவிட்டார். பாதம் நனைகிற தண்ணீரில் இறங்கி ஏறி, பாட்டுச் சத்தத்துக்குள் போய், கும்பிட்டுவிட்டு வெளியே வந்தால் இரண்டு கையையும் ஏந்தச் சொல்லிச் சுடச்சுட ஒரு உருண்டை கோதுமை அல்வா. நெய் மணிக்கட்டு வரை வழிந்தது. சென்னியப்பன் பாதியை வாயில் போட்டுக்கொண்டு மீதிப் பாதியை இடது கையில் வைத்துக்கொண்டு வெளியே நடந்தார். எந்தக் கோயிலில் எது கொடுத்தாலும் பாதி அவளுக்கு என்று கை தானாகப் பிரித்துவிடும். அந்த விஷயத்தில் அவரை யாரும் குறை சொல்ல முடியாது. குளக்கரையில் உட்கார்ந்த பிறகுதான் கையில் பாதி அல்வா இருப்பது தெரிந்தது. கீழே போட மனசில்லை, தின்னவும் மனசில்லை. குளத்தில் பெரிய பெரிய மீன்கள் மெதுவாக வாயைத் திறந்து மூடிக்கொண்டிருந்தன. முதுகைப் பார்த்து வயசாகிவிட்டதாம். அவர் என்ன, வேண்டுமென்றா முன்னால் நடந்தார்? நடை அப்படி. பையன்களை மைதானத்தைச் சுற்றி ஓட விட்டுக் கூடவே ஓடின கால். அதை இவளுக்காக என்ன செய்ய முடியும்? சுகன்யா பிறக்கும்போது பஸ்ஸை விட்டு இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். ஒரு கையில் பிளாஸ்க், ஒரு கையில் துணிப்பை என்று இவர் விறுவிறுவென்று போய், நர்சிடம் “பிரசவத்துக்கு வந்திருக்கறமுங்க” என்றார். அந்த நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டு, “சரிங்க, ஆரு, நீங்களா?” என்று கேட்டாள். திரும்பிப் பார்த்தால் மரகதம் இல்லை. ரோட்டோரம் வாய்க்கால் பாலத்துக் கட்டையில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இந்தக் கதையை அவர் எத்தனை கல்யாண வீட்டில், எத்தனை காதுகுத்தில் சொல்லியிருப்பார்! சொல்லும்போதெல்லாம் பந்தியே சிரிக்கும். “நீங்களான்னு கேட்டா பாருங்க” என்கிற இடத்தில் அவரே முதலில் சிரித்துவிடுவார். மரகதமும் சிரிப்பாளே. சிரித்தாளா? சென்னியப்பன் யோசித்தார். அந்த நர்ஸின் முகம் ஞாபகம் இருக்கிறது, சிரித்தவர்கள் முகமெல்லாம் வரிசையாக ஞாபகம் இருக்கிறது. மரகதம் அப்போதெல்லாம் எங்கே உட்கார்ந்திருந்தாள் என்றுகூட நினைவுக்கு வரவில்லை. அவர் சொல்லும்போது அவள் பக்கம் பார்த்ததே இல்லை. பாலத்துக் கட்டையில் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தாள் என்று அவர் கேட்டதும் இல்லை. அல்வா ஆறிப்போய் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டது. வேறு வழியில்லாமல் அதையும் தின்றுவிட்டுக் கையைக் கழுவினார்.

அங்கிருந்து கன்னாட் பிளேஸ் பக்கம்தான். வட்டமான ஊர், எந்தக் கடையில் கிளம்பினாலும் வெள்ளைத் தூண்களின் நிழலில் நடந்துகொண்டே இருந்தால் கிளம்பின கடைக்கே வந்து சேரலாம். சென்னியப்பன் முழுசாக ஒரு சுற்று வந்து, வந்தது தெரியாமல் இன்னொரு சுற்றும் பாதி போய்விட்டார். எல்லாரும் ஜோடி ஜோடியாகப் போகிறார்கள். அதிலும் இந்தக் காலத்துப் பிள்ளைகள் கையைக் கோத்துக்கொண்டு, வழியை அடைத்துக்கொண்டு நடக்கிறார்கள். நேற்று இதைப் பார்த்து அவர், “ரோடு என்ன இவங்கப்பன் வீட்டுதா” என்று சொன்னது ஞாபகம் வந்தது. நேற்று ஒரு நாள் மட்டும் இல்லாமல் போயிருந்தால் ஒன்றும் நடந்திருக்காது. குதுப் மினாரைப் பார்த்துவிட்டு மெட்ரோவில் வந்தார்கள். இதே வட்டத்துக்கு அடியில்தான் ரயில் மாற வேண்டும். கூட்டமென்றால் கூட்டம். அவர், “வா வா, இந்தப் பக்கம்” என்று சொல்லிக்கொண்டே படி இறங்கி, வந்து நின்ற ரயிலில் ஏறி, கம்பியைப் பிடித்துக்கொண்டு, குதுப் மினாரின் உயரத்தைப் பற்றி எல்லாம் சொல்லிக்கொண்டே வந்து, கரோல் பாக்கில் இறங்கி, வெளியே வந்து, கொய்யாப்பழம் பேரம் பேசி வாங்கி, “இந்தா, பையில போடு” என்று திரும்பினார். யாரும் இல்லை. அவள் போன் இவருடைய தோள்பையில். அவளுடைய மெட்ரோ அட்டை இவருடைய சட்டைப்பையில். தொலைத்துவிடுவாள் என்று எல்லாவற்றையும் இவரே வைத்துக்கொள்வது. ஹிந்தியும் தெரியாது, கையில் காசும் கிடையாது. திரும்ப ஓடிப் போய்ப் பிளாட்பாரம் பிளாட்பாரமாகத் தேடி, ஒரு பெஞ்சில் அவளைக் கண்டுபிடித்தபோது என்ன சொன்னார்? “பின்னாலயே வரத் தெரியாதா உனக்கு? கண்ணு எங்க வெச்சுட்டு வந்தே?” என்று அத்தனை சனத்துக்கு நடுவில் கத்தினார். பயத்தில் கத்துவதுதான். பயந்தவன் கத்தமாட்டானா? ஒரு துணிக்கடை வாசலில் ஆளுயரக் கண்ணாடி வைத்திருந்தார்கள். சென்னியப்பன் அதற்கு முன்னால் நின்று, யாரும் பார்க்காத சமயமாகத் திரும்பி, கழுத்தை ஒடித்துத் தன் முதுகைப் பார்க்க முயன்றார். முழுசாகத் தெரியவில்லை. தோள்பை வார் பட்ட இடத்தில் சட்டை வியர்த்துக் கறுத்திருந்தது, பின்கழுத்தில் இரண்டு மடிப்பு, தொப்பிக்குக் கீழே நரைமுடி ஒழுங்கில்லாமல் நீட்டிக்கொண்டிருந்தது. பார்க்கும்படியாக ஒன்றும் இல்லை. இதையா பார்த்துக்கொண்டு வந்தாள், இத்தனை காலமும்? கடைக்காரன், “ஆயியே சார்” என்று கூப்பிட்டதும் களவு அகப்பட்டவர் மாதிரி வேகமாக நடந்துவிட்டார்.

ஜந்தர் மந்தரில் சிவப்புப் பூச்சுப் பூசின பெரிய பெரிய கட்டடங்கள். எதிலும் குடியிருக்க முடியாது, எல்லாம் சூரியனையும் நட்சத்திரத்தையும் அளக்கிறதற்காம். வானத்தை நோக்கிப் போகிற ஒரு படிக்கட்டு எங்கேயும் சேராமல் பாதியில் நின்றது. இதைப் பற்றி நேற்று ராத்திரியே புத்தகத்தைப் பார்த்து எல்லாம் படித்து வைத்திருந்தார், அவளுக்குச் சொல்வதற்காக. நிழல் எப்படி நகரும், மணி எப்படிச் சொல்வது எல்லாம் நுனிநாக்கில் இருந்தது. இப்போது அது அங்கேயே கிடந்தது. அவளுக்கு அதில் அக்கறை உண்டா என்று கேட்டால் தெரியாது. அவள் “உம்” என்பாள், அவருக்கு அது போதும். பக்கத்தில் ஒரு வழிகாட்டி வெள்ளைக்காரத் தம்பதிக்கு இங்கிலீஷில் விளக்கிக்கொண்டு போனான். சும்மா கேட்போமே என்று சென்னியப்பன் அவர்களுக்குப் பின்னால் நடந்தார். வழிகாட்டி முன்னால் பார்த்துக்கொண்டே கையை ஆட்டி ஆட்டிப் பேசினான். ஒரு சொல் வந்தது, அடுத்த சொல் வரவில்லை. ரோட்டில் ஹாரன் அடித்தால் ஒரு வாக்கியமே போனது. அந்த வெள்ளைக்காரி தலையை ஆட்டி ஆட்டி, “எஸ், எஸ்” என்றாள். அவளுக்குமே கேட்டிருக்காது, அவள் இவரைவிடச் சற்று முன்னால், அவ்வளவுதான். சென்னியப்பன் காதை முன்னால் நீட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் எட்டி நடந்தார். கேட்கவில்லை. முன்னால் போகிறவன் பேச்சு முன்னாலேயே போய்விடுகிறது. பின்னால் வருகிறவர்களுக்கு இரைச்சல்தான் வருகிறது, அவ்வப்போது ஒரு கை எதையோ காட்டுகிறது, அது எதைக் காட்டுகிறது என்பதும் தெரிவதில்லை. அவர் நின்றுவிட்டார். வழிகாட்டி திரும்பி, காசு கொடுக்காமல் கேட்கிற ஆள் என்று ஒரு முறை முறைத்தான். சென்னியப்பனுக்கு அது உறைக்கவே இல்லை. அப்படியென்றால் அவள் எதைக் கேட்டு “உம்” கொட்டினாள்? மதுரையில், ராமேஸ்வரத்தில், மைசூரில், சுகன்யா கல்யாணத்துக்கு மண்டபம் பார்க்கப் போன தெருக்களில், இவர் பேசப் பேச, ஒன்றும் காதில் விழாமல், பேச்சு நின்ற இடமாகப் பார்த்து ஒரு “உம்” போட்டுக்கொண்டே வந்திருக்கிறாள். அவர் தாம் ஒரு மனுஷியோடு பேசிக்கொண்டு நடப்பதாக நினைத்திருக்கிறார். மரகதம் அந்த நேரமெல்லாம் என்ன நினைத்துக்கொண்டு வந்திருப்பாள்? அவளுக்கென்று ஏதாவது சொல்ல இருந்திருக்கும், பார்த்தது, கேட்டது, செருப்பு கடிக்கிறது என்பதாவது. பின்னால் இருந்து சொன்னால் முன்னால் இருப்பவனுக்குக் கேட்டிருக்க வேண்டும், சொன்னாளோ என்னவோ. அந்தப் பாதிப் படிக்கட்டின் நிழலில் போய் உட்கார்ந்து, பாட்டிலில் இருந்த தண்ணீரை எல்லாம் குடித்துவிட்டார்.

மத்தியானத்துக்கு மேல் ஜன்பத் சாலையில் கால் போன போக்கில் நடந்தார். பசித்தது, ஆனால் தனியாக ஒரு மேசையில் உட்கார்ந்து சாப்பிடுவதை நினைத்தால் வேண்டாம் என்று இருந்தது. கோபியில் இனி தினமும் அப்படித்தானே என்று நினைப்பு ஓடியது, ஓடிப்போய் வீட்டுக்குள் நுழைந்துகொண்டது. ஊரில் இறங்கி, பூட்டைத் திறந்து, லைட்டைப் போட்டால் அடுப்படி இருட்டாக இருக்கும். பேப்பர் வரும், பேப்பரில் வந்ததைச் சத்தமாகப் படித்துக் காட்டுவார், யாருக்கு? மோட்டார் போடுவார், தொட்டி நிறையும். குளியலறையில் வழுக்கி விழுந்தால் பால்காரர் வந்து கூப்பிட்டுப் பார்த்துவிட்டு, ஊரில் இல்லைபோல என்று போய்விடுவார். பயமாக இருந்தது. வெளிப்படையாகவே பயமாக இருந்தது. அறுபது வயசுக்கு மேல் நடுரோட்டில், வெயிலில், தொப்பி போட்டுக்கொண்டு பயந்தார். போனை எடுத்து மகளைக் கூப்பிட்டார். “அப்பா, எங்கப்பா இருக்கீங்க?” என்றாள் சுகன்யா. ரோட்டில் என்றார். “என்ன சாமி நீயும் இப்படிப் பண்ணிப்போட்டே? அம்மா என்னமோ சொல்றான்னா, நாலு வார்த்த எடுத்துச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான?” என்று இவர் கேட்டதற்குச் சுகன்யா சொன்னாள்: “அம்மா அழுதிருந்தா நானும் அப்படித்தாம்ப்பா சொல்லியிருப்பேன். அம்மா அழுகல. ‘அந்த மெட்ரோ ஸ்டேஷன்ல நல்லா இருந்துச்சு கண்ணு’ன்னு சொன்னாங்க. அதக் கேட்டுட்டு நான்தாம்ப்பா அழுதேன்.” நல்லா இருந்துச்சா? தொலைந்து போய் உட்கார்ந்திருந்தது நல்லா இருந்ததா? என்று கேட்கத்தான் வாயெடுத்தார், ஆனால் கேட்கவில்லை. ஏனென்றால் அவருக்கும் அது தெரியும். காலையிலிருந்து அதைச் சுற்றிச் சுற்றித்தான் வந்துகொண்டிருக்கிறார், கன்னாட் பிளேஸைச் சுற்றின மாதிரியே. அந்த பெஞ்சில் மரகதத்தின் பக்கத்தில் ஒரு பஞ்சாபி அம்மாள் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள். பாதிச் சுளை மரகதத்தின் கையில். இருவரும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். புன்னகை இல்லை, மரகதம் முந்தானையால் வாயைப் பொத்தியும் அடங்காமல், உடம்பு குலுங்க, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தாள். இவளுக்கு ஹிந்தி தெரியாது, அவளுக்குத் தமிழ் தெரியாது, எதைச் சொல்லி எதற்குச் சிரித்தார்களோ. சென்னியப்பன் தூணருகில் நின்று அதைப் பார்த்தார். கண்டுபிடித்துவிட்டோம் என்று முதலில் உயிர் வந்தது, உடனே அந்தச் சிரிப்பு தெரிந்தது. அவள் தவித்துக்கொண்டிருப்பாள் என்று இவர் ஓடி வந்திருக்கிறார், அவள் இவரைத் தேடவே இல்லை. அதற்குத்தான் கத்தினார். பயத்தில் இல்லை. பஞ்சாபி அம்மாள் எழுந்து, மீதி ஆரஞ்சை மரகதத்தின் மடியில் வைத்துவிட்டு, இவரை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போனாள். “அப்பா, இருக்கீங்களா?” என்றாள் சுகன்யா. இருக்கிறேன் சாமி என்று சொல்லிவிட்டு வைத்தார்.

இந்தியா கேட் புல்வெளிக்கு வந்து சேர்ந்தபோது வெயில் மஞ்சளாகியிருந்தது. செத்துப்போன சிப்பாய்களின் பெயர்களைச் சுவர் முழுக்க வெட்டி வைத்திருக்கிறார்கள். அவர் அண்ணாந்து பார்த்தார், படிக்கவில்லை. சனங்கள் அதற்கு முதுகைக் காட்டி நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் வண்டிகள், சோப்பு நுரை ஊதி விற்கிறவர்கள், அழுகிற குழந்தை ஒன்று. சென்னியப்பன் புல்லில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றிவிட்டு, மரகதத்தின் எண்ணைத் தேடினார். அவள் எண்ணைக் கூப்பிட்டுப் பழக்கமே இல்லை; அவள் போன் எப்போதும் அவர் பைக்குள்ளேயே அல்லவா இருக்கும். காலையில், “எம்பட போனக் குடுங்க” என்று அவள் கேட்டு வாங்கி வைத்துக்கொண்டது இப்போதுதான் மனசில் தைத்தது. மணி அடித்து, எடுத்தாள்.

“ஏனுங்க.”

“நாந்தான்.”

“தெரியுதுங்க. எங்கிருக்கறீங்க?”

“இந்தியா கேட்ல.”

“சாப்டீங்களா?”

சாப்பிட்டேன் என்றார். பொய் என்று அவளுக்குத் தெரிந்திருக்கும். மாத்திரை நீலப் பையின் ஓரத்து ஜிப்பில் இருக்கிறது, ஊருக்குப் போனதும் மறந்துபோய்விட வேண்டாம், தீர்ந்தால் பழைய அட்டையைக் காட்டி வாங்கிக்கொள்ளவும் என்றாள். அவர் பேசாமல் கேட்டார். ‘இந்தா’, ‘இங்க பாரு’ என்றே கூப்பிட்டுப் பழகிய வாய்க்குப் பெயர் வருவதற்குக் கொஞ்சம் நேரமாயிற்று.

“மரகதம். போகாத.”

சோப்பு நுரைக் குமிழ் ஒன்று அவர் முழங்காலில் வந்து உட்கார்ந்து உடைந்தது.

“நேத்தைக்கு இதச் சொல்லியிருந்தீங்கன்னாலும் போயிருப்பனுங்க” என்றாள் மரகதம். குரலில் சூடும் இல்லை, குத்தலும் இல்லை. “ஆனா, சொன்னீங்கல்ல. அது நல்லாருக்குதுங்க.”

“போன வருசம் சொல்லியிருந்தா?”

“போன வருசம் உங்களுக்கு அதச் சொல்றதுக்கு என்ன இருந்துச்சுங்க? நான் அங்கதான இருந்தன்.”

நாளைக்கு ஏரோப்ளேன் ஏற்றிவிடவாவது வரட்டுமா என்று கேட்டார். அவள் உண்மையாகவே யோசித்தது போனில் தெரிந்தது. “வேண்டாமுங்க. கேட்டுக் கேட்டுப் போயிக்கறன். நீங்க வந்தா எனக்கு மறுபடி ஒண்ணும் தெரியாமப் போயிருமுங்க.” பிறகு, குழந்தையைச் சமாதானப்படுத்துகிற மாதிரி, “இன்னும் வெளிச்சம் இருக்குதுங்கல்ல. சுத்திப் பாத்துட்டு மெதுவா வாங்க” என்றாள்.

சரி என்றார். அவளும் சரிங்க என்றாள். எப்போதும் போனை வைப்பது அவர்தான். பேச்சு முடிந்ததும் பட்டென்று வைத்துவிடுவார். இன்று கை வரவில்லை. அவள் வைத்துவிட்டதாக நினைத்துப் போனைக் கட்டிலில் போட்டிருக்க வேண்டும். எப்படி வைப்பது என்று அவளுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. பொத்தென்று ஒரு சத்தம், பிறகு லாட்ஜ் அறை முழுவதும் அவர் காதுக்குள் வந்தது. குழாய் திறந்து மூடியது. பையின் ஜிப் ஒன்றை இழுத்தாள், அது நடுவில் சிக்கிக்கொண்டது, திரும்ப இழுத்தாள். அப்புறம் மெல்லிய குரலில் ஏதோ ராகம் இழுத்துக்கொண்டு நடமாடினாள். என்ன பாட்டு என்று பிடிபடவில்லை. அவள் பாடுவாள் என்பதே சென்னியப்பனுக்குத் தெரியாது. இன்னொரு காதைக் கையால் பொத்திக்கொண்டு, போனை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, மூச்சை மெதுவாக விட்டுக் கேட்டார். ஐஸ்கிரீம்காரன் வந்து எதிரில் நின்று என்னவோ கேட்டுவிட்டுப் போனான். பாட்டு கொஞ்சம் தூரம் போனது, கிட்ட வந்தது, செருப்பு மாட்டுகிற சத்தம் கேட்டது. தாழ்ப்பாள் விலகியது. கதவு திறந்து, சாத்தி, வெளியே பூட்டு விழுந்தது. எங்கே போகிறாள்? டீ குடிக்கவா, கடை பார்க்கவா, சும்மா தெருவில் நடக்கவா? போனைக்கூட எடுத்துக்கொள்ளாமல் போய்விட்டாள். இனி கேட்பதற்கு ஒன்றும் இல்லை, ஆளில்லாத அறையில் குழாய் மட்டும் சொட்டிக்கொண்டிருந்தது. சென்னியப்பன் அதைக் கேட்டுக்கொண்டு புல்லில் உட்கார்ந்திருந்தார்.